கிருஷ்ணையின் வேடத்திற்குக் கறுப்பு ஆகாதா?

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில் கிடக்கும் பாகாலா வட்டாரத்திற்குத் திரௌபதி புதியவள் அல்லள். சித்தூர்ப் பகுதியின் தருமராசர் கோயில்களில் பாரத விழா நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து, இடையில் அர்ச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும், முடிவில் தீமிதி. 1911இல் வட ஆர்க்காட்டின் சில வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இருமுறை நகர்ந்தும் கூத்து இருந்த இடத்திலேயே இருந்தது. பாரதக் கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் கேட்டு வளர்ந்த மக்கள் நாங்கள்.

இத்தகைய மண்ணில் ஓர் ஊர் நாடகக் குழுவில் அண்மையில் எழுந்த பூசலைப் பற்றியே இப்பதிவு. திரௌபதியின் வசனமும் பாட்டும் முழுமையாக மனப்பாடமாயிருந்த ஒரு மாணவிக்கு இடும்பி வேடம் தரப்பட்டது. இரண்டே ஒத்திகைக்கு வந்த வேறொருத்தி திரௌபதியானாள். காரணம் கேட்டபோது கிடைத்த விடை ஒரே சொல்: ‘முகப்பொருத்தம்’. மாணவி குழுவிலிருந்து விலகினாள். அவளுக்குப் ‘பிடிவாதக்காரி’ என்ற பெயர் மிஞ்சியது. குழுவின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. கல்லூரி ஆண்டுவிழா நாடகங்களைப் பார்த்த எவருக்கும் இது தெரிந்த கதைதான்.

பாரதத்தை அறிந்தவர்கள் இதிலுள்ள முரணை உடனே கண்டுகொள்வார்கள். திரௌபதியின் பெயர்களுள் ஒன்று கிருஷ்ணை. கரிய நிறத்தவள் என்பதால் வந்த பெயர் என்று ஆதி பருவமே அவள் பிறப்பைச் சொல்லுமிடத்தில் கூறுகிறது. கண்ணனும் கிருஷ்ணன், கதையை இயற்றியதாகச் சொல்லப்படும் வியாசரும் கிருஷ்ண துவைபாயனர், அர்ச்சுனனின் பத்துப் பெயர்களுள்ளும் கிருஷ்ணன் என்பது உண்டு. இந்தக் காவியத்தின் நடுநாயகமானவர்களில் நால்வர் கறுப்பர்கள். நாட்காட்டிப் படங்கள் கண்ணனை நீலமாக்கின; திரைப்படமும் தொலைக்காட்சியும் திரௌபதியை வெளுக்க வைத்தன. ஆக, ‘முகப்பொருத்தம்’ என்று நாம் சொல்லும்போது பொருத்திப் பார்ப்பது மூலத்தோடு அன்று, நாட்காட்டியோடு. மூலத்தோடு பொருத்தியிருந்தால் அந்த மாணவிக்குத்தான் அவ்வேடம் சேர்ந்திருக்கும்.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்முடிவு பெரும்பாலும் வசைச்சொல்லில் இருப்பதில்லை, இலக்கணத்தில் இருக்கிறது. ‘கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்’ என்பது பாராட்டு என்றே நம்பிச் சொல்லப்படும் வாக்கியம். இதே வாக்கியம் தெலுங்கில் ‘நல்லகா உன்னா களகா உந்தி’ என்று ஒலிக்கிறது. தமிழில் ‘-ஆலும்’ செய்யும் வேலையைத் தெலுங்கில் ‘உன்னா’ என்பதன் ஈற்று நெடில் செய்கிறது. ஒன்று இருந்தால் மற்றொன்று இராது என்ற எதிர்பார்ப்பு முன்கூட்டியே இருந்தால்தான் இவ்வமைப்புக்குப் பொருள் உண்டு. ‘சிவப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்’ என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆயினும் காதில் இடறுகிறது. அந்த இடறலே சான்று. தமிழில் ‘நல்ல’ என்பது நன்மையைக் குறிக்க, அதே ஒலி தெலுங்கில் கறுப்பைக் குறிப்பது வெறும் தற்செயல். இரு சொற்களுக்கும் உறவில்லை. ஆனால் இரண்டு மொழியிலும் ஒரே விட்டுக்கொடுப்பு வாக்கியம் வழங்குவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

‘நாடகம் கண்ணுக்கான கலை, பார்ப்பவர்கள் நம்ப வேண்டாமா?’ என்பது இயக்குநர்களின் வாதம். இதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. நம்பகத்தன்மை நாடகத்திற்கு வேண்டியதே. ஆனால் நம் பார்வையாளர்கள் எவற்றையெல்லாம் நம்பியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தெருக்கூத்தில் காலங்காலமாக ஆண்களே திரௌபதி வேடமிட்டார்கள். துகிலுரிதலில் பெண்கள் கண்ணீர் விட்டார்கள். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்து, அந்த வேடத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெற்றார். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். குச்சிப்புடியில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மா பல பத்தாண்டுகள் சத்தியபாமாவாக ஆடினார். முதுமையிலும் அவரைப் பாமாவாகவே அவை கண்டது. பாலின வேறுபாட்டைத் தாண்ட முடிந்த, வயதைத் தாண்ட முடிந்த கற்பனை, தோலின் ஒரு சாயல் வேற்றுமையில் மட்டும் இடறி விழும் என்றால், குறை பார்வையாளரின் கற்பனையில் இல்லை. அவர்கள் பெயரால் பேசுபவர்களிடம் இருக்கிறது.

ஒப்பனைக்கு நாம் வைத்திருக்கும் பழஞ்சொல் அரிதாரம். அது ஒரு மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயர். முகத்தின் மீது அதைப் பூசியதும் அடியிலுள்ள நிறம் மறைந்து, பாத்திரத்தின் நிறம் எழுகிறது. யாருடைய தோலையும் ஒன்றுபோல் மூடிவிடும் பூச்சைத் தன் அடையாளமாகவே கொண்ட கலை, ஆள் எடுக்கும்போது மட்டும் தோலைக் கேட்பது எதற்காக?

விடை நிறத்தோடு முடிவதில்லை என்பதே என் கருத்து. ‘வருணம்’ என்ற சொல் நிறத்தையும் குறிக்கிறது, குலப் பகுப்பையும் குறிக்கிறது. இன்று பொதுவிடத்தில் சாதியைக் கேட்க நாணுகிற நாவு, ‘களை’, ‘லட்சணம்’, ‘குடும்பப் பாங்கான முகம்’ என்று சுற்றி வருகிறது. பழைய குச்சிப்புடி மரபில் பெண்வேடம் பிராமண ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அங்கே தடை வெளிப்படையாக இருந்தது. இன்றைய தடைக்குச் சொல் மட்டும் மாறியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் உள்ளே வருவதைத் தடுத்த பூசலால் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டதும் ஒரு திரௌபதி அம்மன் கோயில்தான். கோயில் வாசலில் தெரியும் கோடு ஒத்திகைக் கூடத்தில் தெரிவதில்லை; இல்லாமலில்லை.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1833இல் இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் ஐரா ஆல்ட்ரிஜ் என்ற கறுப்பின நடிகர் ஒத்தெல்லோவாக நடித்தார். அது கறுப்பனின் பாத்திரம். அதைக் கறுப்பர் ஏற்றதையே சில ஏடுகள் தாங்கவில்லை. பொருத்தம் என்பது மேலோட்டமான காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 1996இல் அமெரிக்க நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன், நிறம் பாராமல் நடிகரைத் தேர்வதால் மட்டும் நியாயம் கிடைத்துவிடாது, கறுப்பர்களுக்குத் தங்கள் கதையைச் சொல்லத் தங்கள் அரங்குகளும் அவற்றுக்கான பொருளும் வேண்டும் என்று வாதிட்டார். இந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். ஒரு மாணவிக்குத் திரௌபதி வேடம் தந்துவிட்டு, குழுவின் முடிவெடுக்கும் நாற்காலிகளை அப்படியே விட்டுவைத்தால் மாற்றம் ஓர் இரவோடு முடியும்.

மாற்றம் நிகழாதது அன்று. காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் சிறுமிகளும் கூத்துப் பயின்றார்கள். ஆண்களின் கலை என்றே அறியப்பட்ட ஒன்றில் பெண்கள் கட்டை வேடம் கட்டினார்கள். மரபு அதனால் இடிந்துவிடவில்லை.

ஊர்க் குழுக்களுக்கும் கல்லூரி நாடக மன்றங்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. முதல் சுற்றுத் தேர்வைத் திரைக்குப் பின்னால் குரலை மட்டும் கேட்டு நடத்துங்கள். முதன்மை வேடங்களை முதல் வார ஒத்திகையில் குறைந்தது மூவர் மாறி மாறிச் செய்து பார்க்கட்டும். தேர்ந்த காரணத்தை ‘பொருத்தம்’ என்ற சொல் இல்லாமல் இரண்டு வரியில் எழுதுங்கள். குரல், தாளம், நினைவாற்றல், உழைப்பு, மேடைத் துணிவு என்று எழுத எத்தனையோ உண்டு. இவை எதிலும் எழுத முடியவில்லையென்றால், எஞ்சி நின்ற காரணம் எது என்பது எழுதுபவருக்கே தெரிந்துவிடும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கல்லூரியின் பழைய நாடக அழைப்பிதழ்களையும் புகைப்படங்களையும் தேடி எடுங்கள். யார் அரசி, யார் அரக்கி, யார் திரை இழுத்தவர் என்று பட்டியலிடுங்கள். வாய்ச்சண்டையில் ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று மறுப்பவர்கள் பட்டியலுக்கு முன்னால் நின்று பேச வேண்டிவரும்.

விலகிச் சென்ற மாணவியை யாரும் இன்னும் திரும்ப அழைக்கவில்லை. விழாவுக்கு நாள் இருக்கிறது. வேடத்தை மாற்றவும் நாள் இருக்கிறது.