தொற்று இல்லாத பிள்ளைகளின் கணக்கு

2002 ஜூலை 5 அன்று தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்துக்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு அந்த மருந்தை அரசு மாகாணத்துக்கு இரண்டாக 18 இடங்களில்தான் அனுமதித்திருந்தது. தயாரித்த நிறுவனம் ஐந்து வருடம் இலவசமாகத் தருகிறேன் என்று முன்வந்தும் அரசு தயங்கியது. பிரசவ வலி கண்ட தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளைச் சொட்டு மருந்து, இவ்வளவுதான் தேவைப்பட்டது. எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று அதிபர் தாபோ எம்பெக்கியே சந்தேகம் கிளப்பிய காலம் அது. அந்தத் தாமதத்துக்குப் பலியான பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். 1994இல் வெளியான ஆய்வில், மருந்து பெறாத தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்குத் தொற்று வந்தது, ஏ.இஸட்.டி. என்ற மருந்தைப் பெற்றவர்களின் குழந்தைகளில் 8 பேருக்கு. இன்று தென்னாப்பிரிக்காவில் பிறந்தவுடன் செய்யும் சோதனையில் அது நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. தாய்க்குத் தொற்று இருந்தும் தாங்கள் தப்பிப் பிறந்த பிள்ளைகள் உலகெங்கும் ஒன்றரைக் கோடிக்கு மேல்.

இத்தனை வருடமும் மருத்துவம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பிள்ளைக்குத் தொற்று உண்டா, இல்லையா? இல்லை என்றால் ஏட்டை மூடிவிடுவார்கள். உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருந்தபோது வேறெதைக் கேட்டிருக்க முடியும்? ஆனால் பிழைத்த பிள்ளை எப்படி வளர்கிறது என்பதை யார் பார்ப்பது?

கேப் டவுனுக்குக் கிழக்கே பார்ல் என்ற ஊரில் சிலர் பார்த்தார்கள். குழந்தை மருத்துவர் ஹெதர் ஸார் தலைமையிலான டிரேக்கன்ஸ்டீன் ஆய்வு, 2012 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து அவர்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. தாய்மாரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. அவர்களின் தொற்றில்லாத பிள்ளைகள் ஆறு மாதத்தில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகவே இருந்தார்கள். இரண்டு வயதில் பேச்சில் இடைவெளி தெரிந்தது. சொன்னதைப் புரிந்துகொள்வது, வார்த்தை சேர்த்துப் பேசுவது இரண்டிலும் பின்தங்கியவர்கள் இவர்களிடையே அதிகம். பச்சிளங்குழந்தைகள் தாமாகத் தூங்கும்போது எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் இவர்களுடைய மூளையின் சாம்பல்நிறப் பகுதி சராசரியாகச் சற்றுச் சிறிதாக இருந்தது. தாயின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் குறைவாக இருந்த இடத்தில் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

காரணம் ஒன்றல்ல. தாயின் உடலில் ஓயாமல் நடக்கும் அழற்சி, ரத்தசோகை, வறுமை, மனச்சோர்வு, மது எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும் மருந்துகளின் பங்கையும் ஆராய்கிறார்கள். இதைச் சொல்லும்போது கவனம் வேண்டும். மருந்தை நிறுத்தினால் பிள்ளைக்கே தொற்று வரக்கூடும். தொற்று வந்த பிள்ளையின் மூளைக்கு நேரும் சேதம் இதைவிடப் பன்மடங்கு. கர்ப்பத்துக்கு முன்பே மருந்து தொடங்கித் தாயின் உடல் தேறியிருப்பதுதான் பிள்ளைக்கும் நல்லது. ஆய்வு காட்டும் வித்தியாசமும் கூட்டத்தின் சராசரி. ஒரு தனிப் பிள்ளையின் ஜாதகம் அல்ல. இவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள்.

பின்தங்கும் பிள்ளைக்கும் வழி இருக்கிறது. 1999இல் தாய்–சேய் தொற்றுத் தடுப்பு தொடங்கப்பட்ட, கேப் டவுனின் கயலிட்ஷா பகுதியில், பின்னாளில் ஒரு சோதனை நடந்தது. எச்.ஐ.வி.க்காக நடத்தியது அல்ல. அந்த ஏழைப் பகுதித் தாய்மாருக்கு, குழந்தையை மடியில் வைத்துப் படப்புத்தகம் பார்த்துப் பேசுவது எப்படி என்று எட்டு வாரம் பழக்கினார்கள். அந்தக் குழந்தைகளின் பேச்சும் கவனமும் தெளிவாக முன்னேறின. தொற்றில்லை என்று உறுதி சொல்லும் கடைசிச் சோதனைக்குத் தாய் எப்படியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். அன்றைக்கே செவிலியர் பிள்ளையின் பேச்சையும் பார்க்கட்டும். பிள்ளை பள்ளி சேரும் வரை அந்த ஏட்டை மூடாதிருக்கட்டும்.