பங்குச்சந்தை ‘டிப்ஸ்’: எமக்கு விற்பவர் யார்?

கொழும்புப் பங்குச்சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2025ஆம் ஆண்டில் 20,000 புள்ளிகளைக் கடந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் இதே சுட்டெண் 8,000க்கும் கீழே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் வங்கிகளின் நிலையான வைப்புக்கான வட்டி இறங்கிவிட்டது. வட்டி இறங்கி, பங்கு விலை ஏறும்போது சந்தை பற்றிய பேச்சு தரகர்களையும் கொழும்பு வியாபாரிகளையும் தாண்டி வெளியே வரும். 2020இலிருந்து கைத்தொலைபேசியிலேயே கணக்குத் திறக்கலாம் என்பதால் அந்தப் பேச்சு இந்த முறை யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஓய்வூதியப் பணத்தை வைத்திருக்கும் ஆசிரியரும், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பியதைச் சேர்த்து வைத்திருக்கும் தாயும் எந்தப் பங்கு நல்லது என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நடக்கும் இந்த விவாதங்களைச் சூதாட்டம் என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. நிறுவனம் ஒன்றின் காலாண்டுக் கணக்கை வாசித்து, கடன் எவ்வளவு, இலாபம் எங்கிருந்து வந்தது என்று தமிழில் விளக்கும் இளைஞர்களும் அங்கே இருக்கிறார்கள். எமது பாடசாலைகளும் பத்திரிகைகளும் கற்றுத்தராததை அவர்கள் கற்றுத்தருகிறார்கள். ஆனால் அவர்களின் நீண்ட விளக்கங்களை விட வேகமாகப் பயணிப்பது ஒற்றை வரிச் செய்திதான்: ‘இது ஏறப்போகிறது, உள்ளே இருந்து வந்த தகவல், இன்றைக்கே வாங்குங்கள்.’

இந்த வரியைப் பார்த்ததும் எல்லோரும் நிறுவனத்தைப் பற்றியே வாதிடுகிறார்கள். ஏறுமா, ஏறாதா, எத்தனை ரூபா வரை போகும்? பங்கு என்பது கடையில் உற்பத்தியாகி வரும் பொருளல்ல. நான் 100 பங்கு வாங்கினால், அதே நிமிடத்தில் யாரோ ஒருவர் அந்த 100 பங்கை எனக்கு விற்கிறார். ஏறப்போகிறது என்று எனக்குத் தெரிந்த தகவல் அவருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும் ஏன் விற்கிறார்? தகவலைப் பரப்பியவரே அவராகவும் இருக்கலாமா? அந்தக் கேள்வி விவாதங்களில் மிக அரிதாகவே வருகிறது.

கொழும்பு போன்ற சிறிய சந்தையில் இது வெறும் சந்தேகமல்ல. இங்கே பட்டியலிடப்பட்ட பல நிறுவனங்களின் பெரும்பாலான பங்குகள் தாய் நிறுவனத்திடமோ ஒரு குடும்பத்திடமோ இருக்கின்றன. அவை சந்தைக்கு வருவதில்லை. மிஞ்சியிருக்கும் சிறு பங்கிலும் ஒருநாளில் கைமாறுவது கொஞ்சம்தான். உதாரணத்துக்கு 10 ரூபாப் பங்கு ஒன்றை ஒருவர் சத்தமில்லாமல் சில வாரங்கள் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பேச்சைக் கிளப்புகிறார். வெளியே இருக்கும் பங்குகள் குறைவு என்பதால் சில நூறு சிறு வாங்குநர்கள் வந்தாலே விலை 15, 18 என்று ஓடும். ஓடும் விலையே ‘சொன்னது சரிதானே’ என்பதற்குச் சாட்சியாகிவிடும். அதைப் பார்த்து இன்னும் சிலர் வருவார்கள். அவர் விற்று வெளியேற அந்தக் கூட்டம்தான் தேவை. கடைசியாக வந்தவர் 18 ரூபாவுக்கு வாங்கி, வாங்குவதற்கு ஆளில்லாத பங்கோடு நிற்பார். அவருக்கு அப்போது கிடைக்கும் அறிவுரை ‘இறங்கியிருக்கிறது, இன்னும் வாங்கி சராசரியைக் குறையுங்கள்’ என்பது.

போர் முடிந்த கையோடு நடந்தது இதன் பெரிய வடிவம். 2009இல் சுட்டெண் சுமார் 125 சதவீதம் உயர்ந்தது. உலகில் மிக வேகமாக வளர்ந்த சந்தைகளில் ஒன்று என்று கொழும்பு கொண்டாடிய அந்த ஆண்டில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான எமது மக்கள் மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தார்கள். சமாதானத்தின் இலாபம் யாருக்கு முதலில் கிடைத்தது என்பதை அறிய இதைவிட வேறு புள்ளிவிபரம் எனக்குத் தேவைப்படுவதில்லை. 2010இல் சுட்டெண் மேலும் 96 சதவீதம் ஏறியது. 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்டது. அதற்குப் பிறகு இறக்கம்.

அந்த ஏற்றத்தில் ஒன்றுமே இல்லாத நிறுவனங்களின் பங்குகளும் பல மடங்கு விலைபோயின. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு, தரகு நிறுவனங்கள் கொடுக்கும் கடனை மட்டுப்படுத்தியது. அளவுக்கு மீறி ஏறிய பங்குகளின் நாளாந்த விலை அசைவுக்கு எல்லை போட்டது. பெரிய முதலீட்டாளர்கள் சிலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆணைக்குழுவின் தலைவர் இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த திலக் கருணாரத்ன 2012 ஓகஸ்டில் விலகினார். பங்குச்சந்தை ‘மாபியா’ என்ற சொல்லை அவர் வெளிப்படையாகவே பயன்படுத்தினார். ஒன்பது மாதத்துக்குள் இரண்டு தலைவர்கள். சந்தையைக் கண்காணிக்க வேண்டியவர்களே நிற்க முடியாத இடத்தில், கைத்தொலைபேசியில் வந்த ஒரு வரியை நம்பி வாங்கியவர் எங்கே நிற்பார்?

2011 பெப்ரவரியில் இருந்த உச்சத்தைச் சுட்டெண் மீண்டும் தாண்டியது 2021 ஜனவரியில். பத்து வருடம். இடையில் பங்கிலாபம் கொஞ்சம் கிடைத்திருக்கும், உண்மைதான். ஆனால் அதே பத்து வருடத்தில் டொலர் 110 ரூபா அளவிலிருந்து 190 ரூபா அளவுக்குப் போய்விட்டது. ‘நீண்டகாலம் வைத்திருந்தால் நட்டம் வராது’ என்று பலரும் சொல்லும் ஆறுதல், எந்த விலையில் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது அலை இன்னும் ஞாபகத்தில் இருக்கும். 2020, 2021இல் மத்திய வங்கி வட்டியை வரலாறு காணாத அளவுக்குக் குறைத்து வைத்திருந்தது. வைப்பில் கிடந்த பணம் வெளியே வந்தது. 2021இல் சுட்டெண் 80 சதவீதம் ஏறியது; அதில் பெரும்பகுதி எல்ஓஎல்சி குழுமத்தினதும் எக்ஸ்போலங்காவினதும் பங்குகளால் வந்தது. எக்ஸ்போலங்காவை நான் இங்கே குறிப்பிடக் காரணம், அது வெறும் பேச்சால் ஏறிய பங்கு அல்ல. கொவிட் காலத்தில் உலகெங்கும் சரக்குக் கட்டணம் உயர்ந்தது, அந்த நிறுவனம் உண்மையாகவே பெரும் இலாபம் உழைத்தது. 2020இல் ஒற்றை இலக்க ரூபாவில் இருந்த பங்கு 2022 ஜனவரியில் 350 ரூபாவையும் தாண்டியது. பிறகு சரக்குக் கட்டணம் இறங்கியது. பெரும்பான்மை உரிமையாளரான ஜப்பானிய நிறுவனம் 2024இல் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டபோது சிறு பங்குதாரர்களுக்குக் கொடுத்த விலை 185 ரூபா. உச்சத்தில் வாங்கியவருக்கு ‘காத்திரு’ என்ற வழியும் அத்தோடு மூடப்பட்டது. நல்ல நிறுவனத்தைத் தெரிவுசெய்வது பாதி வேலைதான். மற்றப் பாதி விலை.

2022 ஏப்ரலில் எல்லாம் ஒன்றாக வந்தது. மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. 18ஆம் திகதியிலிருந்து ஐந்து வர்த்தக நாட்களுக்குச் சந்தை மூடப்பட்டது. சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். தரகரிடம் கடன் எடுத்து வாங்கியவர்களுக்கு அந்தத் தெரிவு இல்லை. பிணையாக வைத்த பங்கின் பெறுமதி இறங்கினால் மேலும் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவர்களைக் கேட்காமலே பங்கை விற்றுவிடலாம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இந்த மொழி விவகாரத்தைச் சின்ன விடயமாகக் கடந்துபோக முடியாது. நிறுவனங்கள் சந்தைக்குக் கொடுக்கும் அறிவித்தல்களும், காலாண்டுக் கணக்குகளும், ஆண்டறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளியாகின்றன. பணிப்பாளர் ஒருவர் தன் பங்குகளை விற்றால் அதைச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவித்தல் கொழும்புப் பங்குச்சந்தையின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. ‘யார் விற்கிறார்’ என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை அங்கேயே கிடைக்கிறது. ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடியவர் அதை அன்றைக்கே பார்ப்பார். தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு அது இரண்டு மூன்று கை மாறி, சுருங்கி, சிலவேளை திரிந்து, அறிவுரையாக வந்து சேரும். அதற்குள் விலை அசைந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் சந்தையின் கிளை திறந்தார்கள், கருத்தரங்கு வைத்தார்கள், கணக்குத் திறப்பது எப்படி என்று தமிழில் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளே வரும் வாசலில் தமிழ் இருக்கிறது, உள்ளே இருக்கும் ஆவணத்தில் இல்லை.

எமக்கு இது ஏன் கூடுதலாக வலிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வன்னியில் பலருக்கு இப்போது கையில் இருப்பது வாழ்க்கையில் முதன்முறை சேர்த்த பணமல்ல. முன்பு சேர்த்ததை 2009இல் இழந்துவிட்டார்கள். தமிழீழ வைப்பகத்தில் வைத்த நகைகள் என்னவாயின என்று பதினாறு வருடங்களாகக் கேட்டார்கள்; மீட்கப்பட்ட தங்கத்தை இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது 2025 மே மாதத்தில்தான். உரியவரின் கைக்கு அது வருவது வேறு கதை. ஐம்பது வயதில் இரண்டாவது முறை சேர்த்த பணத்துக்கு இருபத்தைந்து வயது இளைஞனுக்குச் சொல்லும் அறிவுரை பொருந்தாது. ஆனால் குழுவில் போடப்படும் செய்தி எல்லோருக்கும் ஒன்றுதான். வாசிப்பவரின் வயது, கடன், மகளின் கலியாணம் எதுவும் அதை எழுதியவருக்குத் தெரியாது.

சட்டம் இல்லாமலில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், சந்தையைச் செயற்கையாக அசைப்பதையும் உள்தகவலை வைத்து வாங்கி விற்பதையும் குற்றமாக்குகிறது. ‘உள்ளே இருந்து வந்த தகவல்’ என்று பெருமையாகப் பகிரப்படும் செய்தி பொய்யென்றால் ஏமாற்று. உண்மையென்றால் அதை வைத்து வாங்குபவரும் சிக்கலில் மாட்டலாம். இதை யாரும் குழுவில் சொல்வதில்லை.

அடுத்தமுறை அப்படியொரு செய்தி வந்தால், அனுப்பியவரிடம் மூன்று விடயங்களை எல்லோருக்கும் தெரியக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பங்கு உங்களிடம் இருக்கிறதா? என்ன விலைக்கு வாங்கினீர்கள்? விற்கும்போதும் எங்களுக்குச் சொல்வீர்களா? நேர்மையாக ஆராய்ந்து எழுதுபவர் இதற்குக் கோபப்பட மாட்டார். சிலர் கேட்காமலே எழுதுகிறார்கள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேட்டவுடன் பார்த்துக்கொள்ளலாம். சிலவேளை கேட்டவரையே குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.