கதவுக்குள்ளே அரசுக்கு என்ன வேலை?

உத்தராகண்டில் 2024இல் நிறைவேறி, 2025 ஜனவரி 27இல் அமலுக்கு வந்த பொது சிவில் சட்டத்தைப் படிச்சுப் பாருங்க தோழர்களே. கல்யாணம் பண்ணிக்காம ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தால் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யணும். தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. விவரம் உள்ளூர் காவல் நிலையத்துக்கும் போகும். ஒருவருக்கு 21 வயது நிறையவில்லை என்றால் பெற்றோருக்கும் தகவல்!

18 வயசுல ஓட்டுப் போட்டு ஆட்சியையே மாத்தலாம். யாரோடு வாழ்வது என்பதை மட்டும் அப்பாவுக்குச் சொல்லிட்டுத்தான் செய்யணுமாம்.

சாதி மாறி, மதம் மாறிக் காதலித்தவர்கள் எதுக்கு ஊரைவிட்டு ஓடுறாங்க? ஆணவக் கொலைகளைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒளிந்து வாழ்பவர்களைப் பற்றி அரசே வீட்டுக்குச் சேதி அனுப்புது.

கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சம், குழந்தைக்குச் சட்ட அங்கீகாரம் இருக்கே என்பார்கள். நல்லது, வரவேற்கிறோம். அதைக் கொடுக்க ஜெயில் எதுக்கு?

சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று 2010இல் குஷ்பு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கட்டாயப் பதிவையும் சிறைத் தண்டனையையும் உடனே நீக்கு!