ஓதிக்கொண்டிருந்த பிள்ளை ஏன் நின்றான்?

 

இம்மாதம் மூளையைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விழைகிறேன். அதற்கு முன் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்வது முறையாகும்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் ஓதி வந்தான். இனிய குரல், நல்ல நினைவாற்றல். ஆயினும் ஓதிக்கொண்டிருக்கும்போதே திடீரென நிறுத்திவிடுவான். கண்கள் நிலைகுத்தி நிற்கும். பத்து நொடி சென்றதும் ஒன்றும் நிகழாததுபோல் விழிப்பான். விட்ட இடம் தெரியாது. "பராக்குப் பார்க்கிறாயா?" என்று பலமுறை கடிந்துகொண்டேன், நிற்கவும் வைத்தேன். வீட்டிலும் ஏச்சுத்தான். ஜின்னின் தீண்டல் என்று கூறி உறவினர் சிலர் தாயத்துக் கட்டினர். இறுதியில் அவனுடைய தாய்மாமன் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அது பராக்கன்று, வலிப்பு நோயின் ஒரு வகை.

கை கால்களை உதறி, வாயில் நுரை தள்ளி வீழ்வதை மட்டுமே நாம் வலிப்பு என எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. நம் மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நுண்ணிய மின் துடிப்புகளாலும் இரசாயனப் பொருள்களாலும் அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அவை முறை தவறிப் பெருந்தொகையாக ஒரே நேரத்தில் துடிக்கும்போது வலிப்பு உண்டாகிறது. சிறுவர்க்கு வரும் இவ்வகையில் உடல் வீழ்வதில்லை. உணர்வு மட்டும் சில நொடிகள் அறுபடுகிறது. ஒரே நாளில் பல பத்து முறைகூட இது நிகழலாம்.

கிரேக்க மருத்துவ நூல் ஒன்று, இந்நோய் மூளையிலிருந்து எழுகிறது என ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டது. அதைக் கண்ணால் காணும் வழி பின்னரே பிறந்தது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து, 1929இல் உலகுக்கு அறிவித்தார். அதுவே இன்றைய இ.இ.ஜி. சோதனை. சிறுவர்களின் இந்த வலிப்பின்போது நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூரிய அலைகள் எழுவதை, 1935இல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் விளக்கினர். எங்கள் சிறுவனைச் சில நிமிடங்கள் ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தபோது, அந்த அலைகளே தாளில் தோன்றின.

பராக்குப் பார்க்கும் பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தாலோ தோளைத் தொட்டாலோ பெரும்பாலும் திரும்பும். இப்பிள்ளை அந்நொடிகளில் திரும்பாது. இமைகள் மட்டும் துடிக்கக்கூடும். ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை கால் உதறும் வலிப்பாயின், இரும்பையோ சாவிக் கொத்தையோ கையில் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள். அருகிலுள்ள கடினமான பொருள்களை அகற்றுங்கள். உதறல் தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாத்திரையை நாமாக நிறுத்துவது பேராபத்து. ரமலானில் நோன்பு நோற்க விரும்பும் நோயாளி மருத்துவரை முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. துஆச் செய்வோம், மருந்தும் கொடுப்போம். பெண் பிள்ளைக்கு வரன் அமையாதே என்று நோயை மறைத்து, அவளது சிகிச்சையைக் கெடுத்துவிடாதீர்கள்.

அச்சிறுவன் சில ஆண்டுகள் மருந்து உட்கொண்டான். பின்னர் மருத்துவரே அதனை நிறுத்தினார். ஓதலையும் முடித்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் ஏசியது நினைவில் இருக்கிறது, ஹஜ்ரத். எதற்காக ஏசினீர்கள் என்பதுதான் அப்போது புரியவில்லை" என்றான். அச்சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் அதன் கண்களைச் சற்று உற்று நோக்குங்கள்.