பட்டதா, காய்ந்ததா?

மாசி, பங்குனியில் டாப்சிலிப் போயிருக்கிறீர்களா? தேக்கெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். 'ஐயோ, காஞ்சு போச்சே!' என்று நீங்கள் பதறினால் பொள்ளாச்சி விவசாயி சிரிப்பார். "மழை வந்தாத் துளுத்துக்குமுங்க. பட்டுப்போறது வேறைங்க."

இந்த வித்தியாசம் ஆபீஸ் தமிழுக்குப் புரிவதில்லை. 'டெட் ட்ரீ' என்றால் 'காய்ந்த மரம்' என்று எழுதுகிறார்கள். 'பட்ட மரம்' என்று எழுதினால் கௌரவக் குறைச்சலா? ஏலக் காகிதத்தில் 'காய்ந்த' என்றிருந்தால், உயிருள்ள மரத்தையும் சேர்த்துச் சாய்க்க அந்த ஒரு சொல் போதும்.

ரஷ்யாவைப் பாருங்கள். நின்றபடியே செத்த மரம் 'சுகஸ்தோய்'. உலர்ந்து நிற்பது என்று அர்த்தம். (சினை மாட்டுக்குப் பால் வற்றும் காலத்துக்கும் இதே சொல்தான்!) விழுந்து கிடப்பது 'வலேஷ்னிக்'. 2019 ஜனவரி முதல், விழுந்ததைச் சொந்த உபயோகத்துக்கு யாரும் பொறுக்கலாம். நிற்பதை அனுமதியில்லாமல் வெட்டினால் குற்றம். இரண்டையும் இங்கிலீஷில் 'டெட் வுட்' என்று பெயர்த்தால், அதை நம்பிக் கோடரி எடுத்தவன் கதி? நிற்பதற்கு இங்கிலீஷில் 'ஸ்நாக்' என்று தனிச்சொல் உண்டு. ஆனால் டிக்‌ஷ்னரியில் அதற்குச் 'சிக்கல்' என்றும் போட்டிருக்கும். நம் ஆட்கள் அதை எழுதாமல் இருந்தால் சரி.

'பட்டதுதானே, வெட்டினால் என்ன?' என்கிறீர்களா? மரங்கொத்திக்குக் குடைய வசதி அதுதான். அது விட்டுப்போன பொந்தில் கிளியும் மைனாவும் குஞ்சு பொரிக்கும்.

1912-லேயே ஃபாரஸ்ட் காலேஜ் வந்த ஊர் கோயம்புத்தூர். இங்கேயே இந்தக் குழப்பம் என்றால் எப்படி? உங்கள் தெரு மரத்துக்கு யாராவது நம்பர் போட வந்தால், ஒரு கொப்பின் பட்டையை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், அது பட்ட மரம் இல்லை.