பையனைக் கொடுத்துப் பெரியவரை வாங்கலாமா?

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைகளில் இரண்டு விஷயத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை. ஒன்று, ஆந்திரா பக்கம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம். இன்னொன்று, கிரிக்கெட் பஞ்சாயத்து. எல்லை ஊர் என்பதால் இங்கே மஞ்சள் சட்டையும் உண்டு, ஆரஞ்சு சட்டையும் உண்டு. சென்னை தோற்றால் ஹைதராபாத் ரசிகர் டீ வாங்கித் தருவார். ஹைதராபாத் தோற்றால் சென்னை ரசிகர் வடையும் சேர்த்து வாங்கித் தருவார். அவ்வளவு அன்பு!

2025 நவம்பர் 15-ம் தேதி இந்தப் பஞ்சாயத்து உச்சத்துக்குப் போனது. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது சென்னை. சாம்சன் 18 கோடிக்கு வந்தார். ஜடேஜா 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கிப் போனார். கரன் 2.4 கோடிக்குப் போனார்.

"அண்ணா, ஜடேஜாவையே கொடுத்துட்டாங்க. இனிமே அது என்ன டீமு?"

"டேய், முப்பத்தாறு வயசு ஆயிடுச்சுடா அவருக்கு. இப்ப கொடுக்காம எப்ப கொடுக்கறது?"

இப்படி ஒரு கடை என்றில்லை, தமிழ்நாடு முழுக்க இதே பேச்சுதான். ஒரு பக்கம் கண்ணீர், இன்னொரு பக்கம் கணக்கு. இதில் ஒரு சுவாரசியம் பாருங்கள். இதே ஜடேஜா, ராஜஸ்தான் ஒப்பந்தத்தில் இருந்தபோது வேறு அணியோடு பேரம் பேசினார் என்று 2010 ஐபிஎல் சீசன் முழுக்கத் தடை செய்யப்பட்டவர். பதினைந்து வருடம் கழித்து அதே ராஜஸ்தானுக்கு, பேரத்திலேயே திரும்பிப் போயிருக்கிறார். காலம் போடும் கணக்கு யாருக்குப் புரிகிறது?

ஆனால் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஜடேஜா இல்லை. அதே நாளில் சத்தமில்லாமல் நடந்த இன்னொன்று. மதீஷ பதிரானவை சென்னை விடுவித்தது. டீக்கடையில் அதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "ஓவருக்குப் பத்து ரன் கொடுக்கறான், போகட்டும் விடுங்கண்ணா" என்பதோடு முடிந்தது.

பதிரான யார்? கண்டியிலிருந்து வந்த பையன். 2022-ல் ஆடம் மில்னுக்குக் காயம் என்றபோது அவருக்குப் பதிலாக 20 லட்சத்துக்கு வந்தார். அப்போது வயது 19. அடுத்த வருடமே 12 ஆட்டத்தில் 19 விக்கெட், கோப்பை சென்னைக்கு. 2024-ல் 6 ஆட்டத்தில் 13 விக்கெட் எடுத்த நிலையில் தொடைத் தசையில் காயம், வீட்டுக்குப் போனார். 2025-க்கு 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். அந்த சீசனில் பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை. சென்னையும் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. உடனே எல்லோர் வாயிலும் ஒரே தீர்ப்பு... தூக்கு!

ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 16-ம் தேதி அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு வாங்கியது. அப்போது அவருக்கு வயது 23 ஆகியிருக்கவில்லை.

சென்னை விட்டது சரியா தப்பா என்பதை அவர் இனிமேல் போடப்போகும் ஓவர்கள்தான் சொல்லும். ஏலத் தொகை அதைச் சொல்லாது. இங்கே பிரச்சினை சென்னை நிர்வாகம் கூட இல்லை. ரசிகர்களாகிய நாம் ஒரு இளம் வேகப்பந்து வீச்சாளரை எந்தத் தராசில் வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு பாலபாடம் தெரிந்திருக்கும். கடையில் இருக்கும் சரக்கை அடக்க விலை, சந்தையில் விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அந்த விலைக்குத்தான் கணக்கில் காட்ட வேண்டும். நாம் இளம் பவுலரை இப்படித்தான் பார்க்கிறோம். நேற்று 45 ரன் கொடுத்தானா? விலையைக் குறை. இன்று ஹாட்ரிக்கா? அது அதிர்ஷ்டம், ஏற்ற வேண்டாம்!

ஆனால் அதே கணக்குப் புத்தகத்தில் இன்னொரு தலைப்பும் உண்டு. பாதி கட்டிய கட்டிடம். அதைச் சரக்கோடு சேர்க்க மாட்டார்கள். கட்டி முடித்துப் பயன்பாட்டுக்கு வரும்வரை அதற்குத் தேய்மானமும் போட மாட்டார்கள். செய்த செலவை எழுதிக்கொண்டே வருவார்கள், அவ்வளவுதான். இருபது வயது வேகப்பந்து வீச்சாளன் சரக்கு இல்லை, பாதி கட்டிய வீடு. கூரை போடாத வீட்டைப் பார்த்து "மழை ஒழுகுது, இடி" என்று யாராவது சொல்வார்களா?

சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. இரண்டு கதையைப் பாருங்கள்.

முதல் கதை, ஜஸ்பிரித் பும்ரா. இன்றைக்கு உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. மும்பை அணியில் அவருடைய முதல் மூன்று சீசன் எப்படி இருந்தது தெரியுமா? 2013-ல் 2 ஆட்டம், 3 விக்கெட். 2014-ல் 11 ஆட்டம், 5 விக்கெட். 2015-ல் 4 ஆட்டம், 3 விக்கெட். ஆக மூன்று வருடத்தில் 17 ஆட்டம், 11 விக்கெட். நம் டீக்கடைக் கணக்குப்படி 2015-லேயே மூட்டை கட்டியிருக்க வேண்டும். மும்பை விடவில்லை. 2016-ல் 15 விக்கெட், 2017-ல் 20 விக்கெட். அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

இரண்டாவது கதை, நம்ம நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. பந்து வீசும் முறையில் சந்தேகம் வந்து, அதைத் திருத்திக்கொண்டு, 2016-ல் டிஎன்பிஎல்லில் யார்க்கராகப் போட்டு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தவர். 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த வருடமே விட்டுவிட்டது. 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. எடுத்து என்ன செய்தது? இரண்டு சீசன் உட்கார வைத்தது! ஒரு ஆட்டம் கூட இல்லை. ஆனால் விற்கவில்லை, விரட்டவில்லை. முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த முகாமில் வலையில் போட்டுக்கொண்டே இருந்தார். 2020-ல் 16 ஆட்டம், 16 விக்கெட். அங்கிருந்து நேராக ஆஸ்திரேலியா. ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்.

தமிழ்நாட்டுப் பையனைப் பொறுமையாக வளர்த்தது எல்லைக்கு அந்தப் பக்கத்து அணி. திருத்தணியில் ஆரஞ்சு சட்டைக்காரர் இதைச் சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டால், மஞ்சள் சட்டைக்காரருக்குப் பதில் கிடையாது :-)

இந்த "பையனைக் கொடு, பெரியவரை வாங்கு" வியாபாரத்தில் உலகத்துக்கே அண்ணன் அமெரிக்க பேஸ்பால். அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே சின்ன ஊர் அணிகள் இருக்கும். பையன்களை அங்கே வளர்ப்பார்கள். சீசன் நடுவில் பெரிய அணிக்குக் கோப்பை வாசனை வந்துவிட்டால், வளர்த்த பையனைக் கொடுத்துத் தயாரான பவுலரை வாங்குவார்கள். அவர்கள் பாஷையில் பிட்சர்.

1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி அதைத்தான் செய்தது. டாயில் அலெக்சாண்டர் என்ற மூத்த பிட்சரை வாங்கியது. வந்தவர் 9 ஆட்டத்தில் வென்றார், ஒன்றிலும் தோற்கவில்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம். ஊரே கொண்டாட்டம். பிறகு மினசோட்டாவிடம் அரையிறுதி மாதிரியான தொடரில் தோற்று வீட்டுக்கு வந்தது. அலெக்சாண்டர் 1989-க்குப் பிறகு ஆடவில்லை. அவருக்காக அட்லாண்டாவுக்குக் கொடுத்த 20 வயதுப் பையன் பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். 213 வெற்றி, 154 சேவ், 2015-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்.

டெட்ராய்ட் செய்தது முட்டாள்தனம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அந்த வருடம் அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. கொடுத்த விலை என்ன என்பது மட்டும் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இளம் பவுலரைக் கொடுப்பதில் இருக்கும் ஆபத்தே இதுதான். லாபம் உடனே கண்ணில் படும். நஷ்டம் பத்து வருடம் தள்ளி, வேறொருவர் வீட்டு முற்றத்தில் கோப்பையாக நிற்கும்.

பேட்ஸ்மேனை விட்டுவிட்டு ஏன் பவுலரை மட்டும் பிடித்துக்கொண்டு பேச வேண்டும்? உடம்புதான் காரணம். ஒவ்வொரு பந்துக்கும் ஓடி வந்து, முன்காலை ஊன்றி, முதுகை வளைத்து, முறுக்கி வீச வேண்டும். உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. எலும்பு முழுதாக முற்றாத வயதில் இதை அளவுக்கு மீறிச் செய்தால் கீழ் முதுகு எலும்பில் கீறல் விழும். பும்ராவுக்கே 2023-ல் முதுகில் அறுவை சிகிச்சை நடந்து, அந்த ஐபிஎல் முழுவதும் போனது. அமெரிக்காவில் 17, 18 வயதுப் பையன் ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று பேஸ்பால் அமைப்பே வழிகாட்டி வைத்திருக்கிறது. நம் ஊரிலோ ஞாயிற்றுக்கிழமை ஆனால் காலையில் ஒரு டோர்னமெண்ட், மத்தியானம் ஒரு டோர்னமெண்ட். வேகமாகப் போடும் பையன் இரண்டிலும் போட வேண்டும். கேட்டால் "சின்னப் பையன் தானே, தாங்குவான்!"

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. கடைசி இடத்தில் முடித்த அணி எத்தனை நாள் காத்திருக்கும்? 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. கையில் இருக்கும் பணத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு பையனுக்கு 13 கோடியை முடக்கி வைத்தால் நான்கு ஓட்டை அடைக்க முடியாமல் போகும். நியாயம்தான். சாம்சனை வாங்கியதிலும் தப்பில்லை. அது வளர்ந்து நின்ற ஆட்களுக்கு இடையே நடந்த பண்டமாற்று. ஐபிஎல் விதிப்படி ஆட்டக்காரர் சம்மதிக்காமல் டிரேடு கிடையாது. அமெரிக்காவில் பெரும்பாலானவர்களுக்கு அந்த உரிமை கூட இல்லை. பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவர்தான் "போக மாட்டேன்" என்று சொல்ல முடியும். அல்லது ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

போகிறவனின் சம்மதம் எவ்வளவு பெரிய விஷயம் என்று திருத்தணிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த ஊரே ஒரு காலத்தில் கொடுக்கல் வாங்கலில் வந்ததுதானே! ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ம் தேதி இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்கு இங்கிருந்து சில பகுதிகள் அந்தப் பக்கம் போயின. மேப்பை மட்டும் பார்த்துக் கோடு போட்டிருந்தால் திருத்தணி எங்கே இருந்திருக்கும்? ஊர் ஜனங்கள் வாய் திறந்ததால்தான் கதை மாறியது.

ஆனால் சம்மதக் கையெழுத்து டிரேடுக்குத்தான் வேண்டும். "விடுவிக்கிறோம்" என்று சொல்ல யார் கையெழுத்தும் வேண்டாம். அங்கேதான் இருபது வயதுப் பையன் மாட்டிக்கொள்கிறான். அவனுக்காகப் பேச ரசிகனைத் தவிர யாரும் இல்லை. அந்த ரசிகனும் "தூக்கு" என்றால்?

இப்போது சென்னையின் கையில் மறுபடி இளரத்தம். அதே டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இந்தியாவுக்கு இன்னும் ஆடாத இரண்டு பையன்களைத் தலா 14.20 கோடிக்கு வாங்கியது. இரண்டு பேருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான். கேரளாவுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்த அன்ஷுல் கம்போஜ் ஏற்கெனவே இருக்கிறார். தமிழ்நாட்டுக்கு ஆடும் இடதுகை வேகம் குர்ஜப்நீத் சிங்கை, காயத்தால் 2025-ல் ஒரு ஆட்டம் கூட ஆடாதபோதும் சென்னை விடவில்லை. பரவாயில்லையே, எங்கோ பாடம் படித்திருக்கிறார்கள்!

பாடம் படிக்க வேண்டிய பாக்கி நமக்குத்தான். 14 கோடி என்பது ஏலத்தில் இரண்டு முதலாளிகள் கை தூக்கிப் போட்டி போட்டதால் வந்த தொகை. அந்தப் பையன் கேட்ட தொகை இல்லை. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் நாம் அதை அவன் தலையில் வைத்து வகுத்துப் பார்ப்போம். "ஒரு ரன்னுக்கு எத்தனை லட்சம்" என்று ஜோக் அடிப்போம்.

திருத்தணி மலைக்கு 365 படி. கார் போகும் ரோடும் இருக்கிறது. அவசரமாகப் போகிறவர் காரில் போகட்டும், குற்றம் இல்லை. ஆனால் படியேறி வருகிறவனை நூறாவது படியில் பார்த்துவிட்டு, "இவன் இன்னும் மேலே வரலையே, இவன் தேற மாட்டான்" என்று சொல்வது என்ன நியாயம்?

அடுத்த சீசனில் ஒரு இருபது வயதுப் பையன் கடைசி ஓவரில் 20 ரன் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து நிற்பான். நிச்சயம் நிற்பான், வேகப்பந்து வீசுகிற எல்லோரும் ஒரு நாள் அங்கே நின்றவர்கள்தான். அந்த நேரத்தில் "தூக்கு" என்று கத்துவதற்கு முன்னால் அந்த 17 ஆட்டம், 11 விக்கெட்டை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டீயைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது!