அப்பத்தாவின் ஒரே போட்டோ

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சுவரில் இருந்த படங்களை எல்லாம் இறக்கி வைத்தோம். திரும்ப மாட்டும் நேரத்தில் மருமகள் தயங்கித் தயங்கி, "மாமா, இந்த ஒண்ணு மட்டும் வேணாமே. பிள்ளைங்க பயப்படுதுங்க" என்றாள்.

அது என் அப்பத்தாவின் படம். 1958-ல் எடுத்தது. நாற்காலியில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் இருக்க வேட்டியால் கட்டி, சுற்றிலும் நாங்கள் பதினோரு பேர் நிற்கிறோம். இடது ஓரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கும் எட்டு வயதுப் பையன் நான். அப்பத்தா அன்று விடியற்காலையில்தான் இறந்திருந்தாள். கண் மூடித்தான் இருந்தது. ஸ்டுடியோக்காரர் பிறகு தூரிகையால் கண்ணைத் திறந்துவிட்டார். ஒரு கண் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. பிள்ளைகள் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் இந்த மாதிரிப் படங்களை அசிங்கம் என்று பரணில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. உயிரோடு இருந்தவரை அவள் காமிராவைக் கண்டால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயம். அதைவிடப் பெரிய காரணம் காசு. சாகும்வரை அவளுக்கு ஒரு முகம் பதிவாகவில்லை.

முகம் பதிவாவது என்பது அதற்கு முன் பெரிய மனிதர்கள் சமாச்சாரம். தஞ்சாவூர் சரபோஜி மன்னருக்கு ஓவியங்கள் இருக்கின்றன. அவருடைய குதிரைக்காரன் எப்படி இருந்தான் என்று யாருக்குத் தெரியும்? 1839-ல் பாரீசில் டாகேர் தன் முறையை வெளியிட்ட பிறகுதான் அது மாறத் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் காமிரா முன் அசையாமல் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இறந்தவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை! வெள்ளைக்காரர்களும் இறந்த குழந்தைகளை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இது நம் ஊர்க் கிறுக்கு மட்டும் அல்ல.

நம் பக்கம் காமிரா வந்த விதம் வேறு. 1858-ல் டிரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி மதுரை, தஞ்சைக் கோயில்களை அற்புதமாகப் படம் பிடித்தார். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தார் ஹூப்பர் என்ற குதிரைப்படை அதிகாரி. பிற்பாடு பர்மாவில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது படம் எடுத்தார் என்று விசாரணைக்கு ஆளானவரும் இவர்தான். அந்தப் பஞ்சப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. அவர்களைச் சம்மதம் கேட்டிருப்பார்களா என்றும் எனக்குச் சந்தேகம்.

எங்கள் வீட்டுப் படத்தை அதோடு வைத்துப் பாருங்கள். அப்பா கடன் வாங்கி ஸ்டுடியோக்காரரைக் கூட்டி வந்தார். அவளுக்கு நல்ல புடவை கட்டினார்கள். யாரும் வேடிக்கை பார்க்க எடுத்தது அல்ல அது.

பிறகு காலம் மாறிவிட்டது. 1993-ல் சேஷன் வாக்காளர் அட்டையில் போட்டோ வேண்டும் என்றார். கூலி வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்களுக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். அட்டையில் எல்லோருமே திருடர் மாதிரி இருப்போம், அது வேறு விஷயம். ஆனால் எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் மாலை போட்டிருக்கும் படம் அந்த அட்டையிலிருந்து பெரிதாக்கியது.

மருமகளோடு நான் வாதாடவில்லை. கூடத்தில் வேண்டாம் என்றால் என் அறையில் இருக்கட்டும் என்று கட்டிலுக்கு எதிரே மாட்டிக்கொண்டேன். மாட்டுவதற்கு முன் சட்டத்தைக் கழற்றி, அட்டையின் பின்பக்கம் பென்சிலால் ஒவ்வொருவர் பெயராக எழுதினேன். உங்கள் வீட்டில் இப்படி ஏதும் இருந்தால் நீங்களும் இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். பதினொன்றில் பத்துப் பெயர்தான் எனக்கு எழுத முடிந்தது. சின்னத்தை இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அது யார் பிள்ளை என்று கேட்க இப்போது ஆள் இல்லை.